நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு நாள் சாப்பிடப் போகிறவர்களுக்கு

பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு நல்லம்பள்ளி ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். தர்மபுரியைத் தாண்டி ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் அந்தப் பலகை வரும், போகும். அடுத்து தொப்பூர் கணவாய். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பறக்கிறவர்கள் சாப்பிட நிற்பது பெரிய பெரிய விளக்குப் போட்ட ஓட்டல்களில். அங்கே கிடைக்கும் பரோட்டாவும் நூடுல்ஸும் கிருஷ்ணகிரியிலும் கிடைக்கும், நாமக்கல்லிலும் கிடைக்கும். இந்த மண்ணில் விளைந்த ஒரு பிடி தானியம்கூட நாக்கில் படாமல் மாவட்டத்தையே கடந்துவிடலாம். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

சாப்பிடுவதற்காகவே ஜனங்கள் தேடிப் போகும் கிராமங்களும் உண்டு. இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் பிரே என்று ஒரு கிராமம் இருக்கிறது. சின்ன ஊர். அங்கேயிருக்கும் ‘வாட்டர்சைட் இன்’ உணவகம் 1985இலும் ‘ஃபேட் டக்’ உணவகம் 2004இலும் மிச்லின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றன. அந்த மூன்று நட்சத்திரத்துக்கு அர்த்தமே ‘இதற்காகவே ஒரு பயணம் போகலாம்’ என்பதுதான். கையேட்டை 1900இல் தொடங்கியது ஒரு டயர் கம்பெனி. ஜனங்கள் கார் எடுத்துக்கொண்டு வெளியூர் போனால்தானே டயர் தேயும்! கிராமத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க ரசித்துச் சாப்பிட்டு வருவது அவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம்.

நல்லம்பள்ளியில் அப்படிப்பட்ட உணவகம் கிடையாது. இங்கே நல்ல சாப்பாடு இருப்பது வீட்டு அடுப்பில், சந்தையில், கரும்பு ஆலைக்கொட்டாயில், மலையடிவாரத்துக் களத்துமேட்டில். அங்கெல்லாம் நீங்கள் வாடிக்கையாளர் ஆக முடியாது. விருந்தாளியாகத்தான் போக முடியும். கீழே எழுதியிருப்பது எல்லாமே அந்த ஒரு காரணத்திலிருந்து வருவதுதான்.

கிளம்புவதற்கு முன்

மாதம் பார்த்துத் தேதி குறியுங்கள். மானாவாரிக் கேழ்வரகு இங்கே ஆடியில் விதைத்து கார்த்திகை, மார்கழியில் அறுப்புக்கு வரும். கேழ்வரகுக்கு நடுவே சால் விட்டு அவரை போடுவது பழைய வழக்கம். கேழ்வரகு அறுத்த பிறகு அவரைக்கு வெயிலும் பனியும் முழுசாகக் கிடைத்து காய் பிடிக்கும். ஆகவே புதுக் கேழ்வரகும் பச்சை அவரைக்கொட்டையும் ஒன்றாகக் கிடைப்பது மார்கழிக் கடைசியும் தையும்தான். மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் மாம்பழம். மழைக்காலத்தில் கரட்டுப் பக்கமிருந்து சீத்தாப்பழம் கூடை கூடையாக வரும். என்னைக் கேட்டால் தை மாதம் வாருங்கள்.

புரட்டாசியில் வந்து நாட்டுக்கோழிக் குழம்பு கேட்காதீர்கள். பெருமாளுக்கு விரதம் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. கேட்டால் உங்களுக்காகச் செய்யவும் மாட்டார்கள், இல்லையென்று சொல்லவும் சங்கடப்படுவார்கள். அந்த மாதத்தில் கீரையும் கொள்ளும் சாப்பிட்டுப் போங்கள். அதுவே ஒரு விருந்து.

தேய்பிறை அஷ்டமியா என்று காலண்டரைப் பாருங்கள். நல்லம்பள்ளிக்கு முன்னால் இருக்கும் அதியமான்கோட்டை காலபைரவர் கோவிலுக்கு அன்றைக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும், சாம்பல் பூசணியில் விளக்கேற்ற. சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அது நல்ல நாள். சாப்பாட்டுக்காக வருகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்வது நல்லது. சாலையிலேயே பாதி நேரம் போய்விடும்.

சொல்லாமல் போய் நிற்காதீர்கள். இந்தப் பக்கம் நண்பர், உடன் வேலை செய்கிறவர், உடன் படித்தவர் என்று யாராவது ஒருவர் உங்களுக்கு இருப்பார். அவர் மூலம் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். நாட்டுக்கோழி பகலில் கையில் சிக்காது. முந்தின நாள் சாயங்காலம் கூடைக்குள் அடைக்கும்போதே பிடித்துத் தனியாக வைக்க வேண்டும். கொள்ளு வறுத்து வைக்க வேண்டும், மாவு அரைத்து வைக்க வேண்டும். “வந்துட்டோம்க்கா, ஏதாவது இருக்கிறதைப் போடுங்க” என்பது பெருந்தன்மையாகத் தோன்றும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது பதற்றம்.

எத்தனை பேர் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேராகப் போனால், அந்த வீட்டுப் பெண்கள் அன்று மதியம் ரசம் சோற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரே நாளில் ஆறு இடம் என்று திட்டம் போடாதீர்கள். சில வருஷங்களுக்கு முன் நான் அப்படித்தான் போட்டேன். சென்னையிலிருந்து வந்த நண்பர்களுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. காலையில் இட்லி, பிறகு கம்மங்கூழ், சந்தையில் போண்டா, கரும்பாலையில் பாகு, வழியில் தட்டுவடை. மதியம் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தபோது ஒருவருக்கும் பசி இல்லை. அந்த அக்கா விடியற்காலை எழுந்து அம்மியில் மசாலா அரைத்திருந்தார். நாங்கள் ஆளுக்கு அரை உருண்டை களி கிள்ளிவிட்டு இலையை மூடினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. “உப்பு சரியாத்தானே இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு யாரை அழைத்து வந்தாலும் காலை ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் கொஞ்சம். அதற்கு மேல் கிடையாது.

காலையில்

கரைத்த களியில் தொடங்குங்கள். முந்தின இரவு மிஞ்சிய களி உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். காலையில் அதை மோர் விட்டுக் கையால் கரைத்து, உப்புப் போட்டுத் தருவார்கள். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மோர் மிளகாய், ஏதாவது ஒன்று. காட்டு வேலைக்குப் போகிறவர்களின் காலைச் சாப்பாடு இது. பதினோரு மணி வரை பசிக்காது. சொம்பு நிறைய வாங்கி அண்ணாந்து குடியுங்கள். ஸ்பூன் கேட்க வேண்டாம்.

இந்தக் கூழை ‘ஏழைகளின் உணவு’ என்று தருகிறவர்கள் முன்னால் சொல்லாதீர்கள். அன்பாகச் சொன்னாலும் வேண்டாம். ‘பாவம், முன்னே எல்லாம் இதைத்தான் குடிச்சாங்க’ என்கிற பேச்சும் வேண்டாம். இன்றைக்கும் குடிக்கிறார்கள், பிடித்துத்தான் குடிக்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. இந்தியா முன்மொழிந்து, ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. உலகம் இப்போது தேடி வருகிற தானியத்தை எங்கள் ஊர் விட்டதே இல்லை.

வாரச்சந்தை நாளைக் கேட்டுக்கொண்டு வந்தால் காலையை அங்கே கழிக்கலாம். சந்தைக்குள் நுழைந்ததும் காய்கறி வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பாலக்கோடு பக்கத்துத் தக்காளி எது, காட்டில் பறித்த கீரை எது என்று பார்த்தாலே தெரியும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சிறுகீரை என்று கலந்து கட்டி வைத்திருக்கும் பாட்டி ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். மழைக்குப் பின் கேழ்வரகுக் காட்டில் தானாக முளைக்கிற கீரைகள் இவை. யாரும் விதைப்பதில்லை. கட்டாகக் கிடைக்கும் ஒரே கீரையைவிட இந்தக் கலவைக் கீரையைக் கடைந்தால் வரும் ருசியே வேறு. வாங்கிப் போய் நீங்கள் சாப்பிடப் போகும் வீட்டில் கொடுங்கள். வெறுங்கையோடு போகாமல் இருப்பதற்கு ஸ்வீட் பெட்டியைவிட இது நல்ல வழி.

அந்தப் பாட்டியிடம் பேரம் பேசாதீர்கள். இது என் கண்டிப்பான கோரிக்கை.

ஆட்டுச் சந்தையில் நின்று பார்க்கலாம், கற்றுக்கொள்ளலாம். மேச்சேரி ஆடு என்று ஒரு செம்மறி இனம் உண்டு. உடம்பு முழுக்கக் கம்பளி இல்லாமல் வெளிர் பழுப்பு நிறத்தில், தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளாடு மாதிரியே இருக்கும். தோலுக்கும் கறிக்கும் பெயர் பெற்றது. தொப்பூரிலிருந்து மேட்டூர் போகும் வழியில் இருக்கும் மேச்சேரிதான் அதற்குப் பெயர் கொடுத்த ஊர். பக்கத்தில் பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகம் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. கறிக்கடையில் ‘மட்டன்’ என்று பொதுவாகக் கேட்காமல், வெள்ளாடா செம்மறியா என்று கேளுங்கள். கடைக்காரர் உங்களை மதித்துப் பேசத் தொடங்குவார்.

காபி இல்லாமல் முடியாதவர்களுக்கு ஒரு சேதி: தர்மபுரிக்குப் பக்கத்திலேயே வத்தல்மலையில் காபி விளைகிறது. மிளகும் விளைகிறது. கடையில் ‘வத்தல்மலைக் காபிக்கொட்டை இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். கேட்கக் கேட்கத்தான் கடைக்காரர்கள் வாங்கி வைப்பார்கள்.

மதியம்

களி கிண்டும்போது அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் இருக்கக் கேளுங்கள். அனுமதித்தால் உட்கார்ந்து பாருங்கள். இந்த நாளில் நீங்கள் பார்க்கப் போகும் மிகப் பெரிய கைவேலை அதுதான்.

எங்கள் ஆயா கிண்டியதை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பானையில் நொய் வெந்து குழையும். கேழ்வரகு மாவை அதன்மேல் கோபுரமாகக் கொட்டுவார். கலக்க மாட்டார். துடுப்புக் கட்டையால் நடுவில் ஒரு குழி குத்தி, மூடிபோட்டு, விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணிப்பார். குழி வழியாக நீராவி மேலே வந்து மாவு வேகும். கொஞ்ச நேரத்தில் பச்சை மாவு வாசம் மாறி மண்வாசனைபோல ஒன்று வரும். மூடியைத் திறந்து பார்க்காமல் அந்த வாசத்தை வைத்தே பானையை இறக்குவார். பிறகுதான் வேலை. பானை அசையாமல் இருக்கக் கவைக்கோலை அதன் விளிம்பில் கொடுத்துக் காலால் அமுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுவார். கட்டி தட்டக்கூடாது. எண்பது வயது நெருங்கியும் தோள் இரண்டும் அந்த நேரத்தில் இளவட்டம்போல இறுகும். வெந்ததா என்று பார்க்கக் கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொடுவார்; ஒட்டவில்லையென்றால் சரி. தட்டில் தண்ணீர் தெளித்து, சூடு பொறுக்கப் பொறுக்க உருட்டி வைப்பார். அந்த உருண்டை மேல் விரல் தடம்கூட இருக்காது, பளபளவென்று நிற்கும்.

களியை மெல்லாதீர்கள். வெளியூர்க்காரர்கள் செய்யும் முதல் தவறு அது. மென்றால் பல்லில் ஒட்டும், சலிக்கும், ‘என்ன இது’ என்று தோன்றும். விரலைக் குழம்பில் நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவு கிள்ளுங்கள். கட்டைவிரலால் அதில் சின்னக் குழி செய்யுங்கள். குழம்பை வாரிக்கொண்டு அப்படியே உள்ளே விடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். “முழுங்கு கண்ணு, மெல்லாத” என்று ஆயா சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். ருசி குழம்பில், பலம் களியில்.

அதனால் குழம்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வையுங்கள். தை மாதமென்றால் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு. தோல் உரித்த கொட்டை வாயில் வெண்ணெயாகக் கரையும். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் புளியும் பூண்டும் மிளகாயும் கூட்டி வைக்கிற சாறு, மழை நாளுக்கு. வெயில் காலத்தில் கீரை கடையலும் பச்சைப்புளி ரசமும். அடுப்பே ஏற்றாமல் கையால் கரைத்த ரசம் அது, உச்சிவெயிலில் தொண்டைக்கு அவ்வளவு சுகம். கருவாட்டுக் குழம்புக்கும் களிக்கும் உள்ள பொருத்தத்தை எழுதிப் புரியவைக்க முடியாது. நாட்டுக்கோழிதான் விருந்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அவரைக்கொட்டையைத்தான் முதலில் வைப்பேன். கோழி வருஷம் முழுக்கக் கிடைக்கும். பச்சை அவரை இரண்டு மாதத்துக்குத்தான்.

காரில் வந்து இறங்கியவர்கள் இரண்டு உருண்டைக்கு ஆசைப்படாதீர்கள். அது ஏர் ஓட்டுகிறவரின் அளவு. ஓர் உருண்டையைப் பாதியாகக் கேட்டு வாங்கி, வேண்டுமானால் மறுபடி வாங்குங்கள். கேட்டு வாங்கினால் சமைத்தவர் முகம் மலரும். மிச்சம் வைத்தால் மனசு சுருங்கும்.

‘போதும்’ என்று ஒரு தடவை சொன்னால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். இலைக்கு மேலே கையை மறைத்துப் பிடித்து, இரண்டு தடவை சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

சமையல் எப்படி என்று கேளுங்கள். சமைத்தவர் யார், எந்த ஆளுங்க என்று கேட்காதீர்கள். நேராகக் கேட்காமல் தெருவின் பெயரைக் கேட்டு, குலசாமியின் பெயரைக் கேட்டு, சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்ளப் பார்ப்பவர்களும் உண்டு. கேட்ட உடனே எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். எந்தத் தெருவிலும் களி ஒரே மாதிரிதான் வேகிறது. உங்களை அழைத்துப் போகிறவர் ‘அந்தப் பக்கம் வேண்டாம்’ என்று சொன்னால், அந்தப் பக்கமே போய்ச் சாப்பிடுங்கள்.

போட்டோ எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். சாப்பாட்டை எடுக்கத் தடை இருக்காது. கரிபிடித்த சுவரையும் அழுக்குப் புடவையோடு அடுப்பூதுகிறவரையும் எடுத்து ஊருக்குக் காட்டுவது வேறு. ‘நல்ல சேலை கட்டிக்கிட்டு வரேன், அப்புறம் எடுங்க’ என்று அவர் சொன்னால் காத்திருங்கள்.

தண்ணீர்

எந்தத் தண்ணீர் என்று மரியாதையாகக் கேட்டுக் குடியுங்கள். தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும், முட்டி மடங்காத வலியுமாக ஒரு தலைமுறையே அதை அனுபவித்திருக்கிறது. ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் காவிரித் தண்ணீர் வீடுகளுக்கு வந்தது. ஒரு நாள் போர்த் தண்ணீர் குடித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் குடிப்பதுதான் எலும்பைத் தின்னும். ஆகவே சொம்பு நீட்டுகிறவர் முன்னால் பாட்டிலை எடுத்துத் திறக்காதீர்கள். “ஒகேனக்கல் தண்ணியாக்கா?” என்று கேட்டால் போதும், அவர்களே அதைக் கொண்டுவந்து தருவார்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்று நினைத்துச் சுடுதண்ணீர் கேட்பதில் பயனில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது.

வெயில் தாழ்ந்த பிறகு

கரும்பு அறுவடைக் காலமென்றால் ஆலைக்கொட்டாய் ஒன்றைத் தேடிப் போங்கள். பாலக்கோடு, கடத்தூர் பக்கமெல்லாம் வெல்லம் காய்ச்சுகிறார்கள். இந்த நாட்டுக்கும் கரும்புக்கும் உள்ள உறவு சங்க காலத்தது. கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று சொல்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். கரும்பு கொடுத்த கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. சாப்பாட்டுக்காக வருகிறவர்கள் அதியமான்கோட்டையைக் கடக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆலைக்கொட்டாயில் கொப்பரைக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள். கொதிக்கிற பாகு ஒரு துளி பட்டாலும் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தள்ளி நின்று, அவர்களே ஓர் இலையில் எடுத்துத் தரும் இளம்பாகை ஆறவிட்டு நக்கிச் சாப்பிடுங்கள். வெல்லம் வாங்கும்போது மஞ்சளாகப் பளீரென்று இருப்பதைக் கேட்காதீர்கள். அந்த நிறத்துக்காகத்தான் ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருளைப் போடுகிறார்கள். நாம் மஞ்சள் கேட்பதை நிறுத்தினால் அவர்களும் போடுவதை நிறுத்துவார்கள். கறுத்த வெல்லம் கேளுங்கள். அதில்தான் கரும்பின் வாசம் இருக்கிறது.

ஒகேனக்கல்லை இதே நாளில் சேர்க்காதீர்கள். பென்னாகரம் வழியாக மலை இறங்கிப் போய், ஆற்றங்கரையில் அமர்ந்து, மீனை வாங்கிக் கொடுத்து, அங்கிருக்கும் பெண்கள் நம் கண்முன்னே மசாலா தடவிப் பொரித்துத் தருவதைச் சாப்பிடுவது ஒரு முழு நாள் வேலை. அதற்கென்று தனியாக வாருங்கள். வரும்போது கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் தனியாக எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காவிரியில் வெள்ளம் வந்து பரிசலை நிறுத்தியிருந்தால் வாக்குவாதம் செய்ய வேண்டாம்.

சாயங்காலம் பசிக்கக் கொஞ்சம் இடம் வைத்திருந்தால், முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை கேளுங்கள். இந்த மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் உண்டு. அவர்கள் வீட்டில் யுகாதிக்கு ஒப்பட்டு என்கிற போளி தட்டுவார்கள். தட்டையை நிப்பட்டு என்பார்கள். அதிரசத்துக்கு இங்கே கச்சாயம் என்ற பெயரும் காதில் விழும். பெயரைத் திருத்தாதீர்கள். அவர்கள் சொல்கிற பெயரிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

கிளம்பும்போது

கேழ்வரகு வாங்கிப் போங்கள், நேராக விளைவித்தவரிடமே. 2025–26க்கு மத்திய அரசு குறித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், அதாவது கிலோ 49 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நகரத்துக் கடையில் அழகான பையில் போட்டு விற்கும் மாவின் விலையை நினைத்துப் பார்த்துவிட்டு, இங்கே அவர் சொல்கிற விலையைக் கொடுங்கள். முழுத் தானியமாக வாங்குவது நல்லது. வீட்டில் முளைகட்டி, காயவைத்து, பக்கத்து மில்லில் அரைத்துக்கொள்ளலாம். புளியும் அப்படித்தான். கொட்டை எடுத்த புளி கேட்டால், ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்தது பெரும்பாலும் பெண்கள்தான் என்பது நினைவிருக்கட்டும். விரல் நுனியெல்லாம் புளிப்பேறி வெடித்திருக்கும் வேலை அது.

சாப்பிட்டதற்குப் பணம் கொடுப்பதில் கூச்சப்படாதீர்கள். ஆனால் ‘எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்காதீர்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு அப்படிக் கேட்டால் அவர்களுக்கு வலிக்கும். முன்கூட்டியே அழைத்துப் போகும் நண்பரிடம் செலவைக் கேட்டு, அதற்கு மேலே வைத்து, சமைத்தவர் கையில் கொடுங்கள். வீட்டு ஆம்பளை கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால், குழந்தைகள் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். கோழிக்கும் எண்ணெய்க்கும் அவர்கள் செலவு செய்திருக்கிறார்கள். காட்டு வேலைக்குப் போகாமல் ஒரு நாள் கூலியையும் விட்டிருக்கிறார்கள்.

சேலம் பக்கம் போகிறவர்கள், வயிறு நிறையச் சாப்பிட்ட மயக்கத்தோடு தொப்பூர் கணவாயில் இறங்காதீர்கள். இறக்கமும் வளைவுமாக விபத்துக்குப் பெயர்போன இடம் அது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் மோதியது பல தடவை நடந்திருக்கிறது. சாப்பிட்ட வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் சாய்ந்து எழுந்திருங்கள். பாய் போட்டுத் தருவார்கள். இருட்டுவதற்கு முன் கணவாயைக் கடந்துவிடுங்கள்.

வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போட்டு, “நல்லபடியா வந்துட்டோம்க்கா” என்று சொல்லிவிடுங்கள். அந்த போன் வரும்வரை அவர்கள் படுக்க மாட்டார்கள்.